கோஸ்பர்ஸ் மலைத் தீ: ஒரே ஒரு மின்னல், முதல் நாளே ஏன் அணைக்க முடியவில்லை?

நீலமலைச்சாரல்

போன ஞாயிறு குடும்பத்தோடு சிட்னிக்கு மேற்கே பில்பின் பக்கம் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தோம். பெல்ஸ் லைன் சாலையில் ஒரு வளைவு தாண்டியதும் இரண்டு பக்கமும் யூகலிப்டஸ் மரங்கள், அடியிலிருந்து உச்சி வரை கரி, ஆனால் அந்தக் கரியைக் கிழித்துக்கொண்டு தண்டு முழுக்க இலை. கிளையில் இல்லை, தண்டிலேயே. பெரியவள் "இது எப்பப்பா எரிஞ்சது" என்று கேட்டாள். 2019 என்றேன். அவளுக்கு அப்போது மூன்று வயது. அந்த டிசம்பரில் ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துண்டைச் சொருகிவிட்டு அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2019 அக்டோபர் 26 அன்று வாலமை தேசியப் பூங்காவுக்குள் கோஸ்பர்ஸ் மலைக்குப் பக்கத்தில் ஒரு மின்னல். அதிலிருந்து கடைசியில் 5.12 லட்சம் ஹெக்டேர். கணக்குப் போட்டுப் பார்த்தால் பன்னிரண்டு சென்னை மாநகராட்சி. ஜனவரி நடுவில்தான் கட்டுக்குள் வந்திருக்கிறது.

இரண்டு கேள்வி. ஒன்று, ஒரே ஒரு இடத்தில் பிடித்த தீயை ஹெலிகாப்டர், விமானம் எல்லாம் வைத்திருக்கும் நாட்டில் முதல் நாளே ஏன் அணைக்கவில்லை? இரண்டு, பில்பின் பழக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒருவர், "எங்களுக்கு வந்தது மின்னல் தீ இல்லை, தீயணைப்புக்காரர்கள் வைத்த தீ" என்றார். அது உண்மையா, இல்லை ஊர்ப்பேச்சா?

கணக்குப்பிள்ளை

உண்மைதான். கூகுளில் மவுண்ட் வில்சன் பேக்பர்ன் என்று தேடுங்கள், வரும் தீயை நிறுத்த முன்கூட்டியே வைக்கும் எதிர்த்தீ அது. அணைக்கப் போனவர்களே கொளுத்திவிட்டார்கள். வேறென்ன சொல்ல.

டூங்காபி மாமா

தம்பி, அந்த டிசம்பர் 10ஆம் தேதி நான் சிட்டியில் வேலைக்குப் போயிருந்தேன். புகை கட்டிடத்துக்குள் புகுந்து அலாரம் அடித்து எங்கள் எல்லாரையும் வெளியில் இறக்கிவிட்டார்கள், வெளியில் வந்தால் உள்ளே இருந்ததை விட மோசம். ஃபெரிகூட ஓடவில்லை. பி2 முகமூடி வாங்க ஹார்ட்வேர் கடையில் வரிசை. கொரோனாவுக்கு இரண்டு மாதம் முந்தியே நாங்கள் முகமூடி போட்டுப் பழகிவிட்டோம். எரிந்தது எங்கேயோ மலைக்குள் என்று நினைத்திருந்த எனக்கு அன்றைக்குத்தான் அது எவ்வளவு பெரிதென்று விளங்கியது.

குழாய்பிடித்தவன்

நான் ஆர்எஃப்எஸ், அதாவது இந்த மாநிலத்தின் ஊரகத் தீயணைப்புப் படையில் தன்னார்வலன், ஒரு சின்ன பிரிகேடில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அந்தக் கோடையில் மூன்று வெவ்வேறு தீக்களுக்குப் போனேன், அதில் கோஸ்பர்ஸின் கிழக்குப் பக்கத்தில் நான்கு ஷிஃப்ட். நான் அதிகாரி இல்லை, வண்டியின் பின்னால் நின்று குழாய் பிடித்த ஆள், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். பெரிதாகத்தான் எழுதப்போகிறேன்.

முதல் கேள்வி. வாலமை என்பதை வரைபடத்தில் ஒருமுறை பாருங்கள். மணற்பாறை மலை, அதை நூல் பிடித்து வெட்டினது மாதிரி செங்குத்துப் பள்ளத்தாக்குகள், உள்ளே சாலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பூங்காவில் பெரும்பகுதி சட்டப்படி வனாந்தரம் என்று அறிவிக்கப்பட்ட இடம், வண்டித்தடம் போடக்கூடாது என்பதே அதன் அர்த்தம். எங்கள் வண்டியில் மூவாயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கும், ஆனால் அது டயர் போகும் இடத்துக்குத்தான் போகும். உள்ளே போக வேண்டுமென்றால் ராஃப்ட் என்று தனிப் பயிற்சி எடுத்த சின்னக் குழுக்கள் இருக்கின்றன, ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குவார்கள் அல்லது மணிக்கணக்கில் நடப்பார்கள். கையில் ரேக்ஹோ. ஒரு பக்கம் மண்வெட்டி, மறு பக்கம் பல்வாரி மாதிரி இருக்கும். தண்ணீர் இல்லாமல் தரையைச் சுரண்டி, சருகை ஒதுக்கி, வெறும் மண் தெரிகிற ஒரு கோடு. வனாந்தரத்தில் தீயை அடக்குவது என்றால் அடிப்படையில் அவ்வளவுதான்: எரிய ஒன்றுமில்லாத ஒரு கோட்டால் அதைச் சுற்றி வளைப்பது.

கோடு வெட்டினால் போதுமா என்றால் அங்கேதான் யூகலிப்டஸ் வேலையைக் காட்டுகிறது. ஸ்ட்ரிங்கிபார்க் என்கிற வகையின் பட்டை நார்நாராக உரியும். தீ பிடித்ததும் அந்த நார் காற்றில் எழும்பிப் போய் முன்னால் விழும், விழுந்த இடத்தில் புதுத் தீ. மோசமான நாட்களில் அப்படிக் கிலோமீட்டர் கணக்கில் தாண்டும், 30 கிலோமீட்டர் வரை தாண்டிய பதிவுகள் இந்த நாட்டில் உண்டு. நீங்கள் இரண்டடி அகலத்துக்குக் கோடு வெட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் உங்கள் தலைக்கு மேல் பறந்து போயிருக்கும்.

அப்புறம் அந்த வருடம். 2019தான் ஆஸ்திரேலியாவில் பதிவான வருடங்களிலேயே வெப்பமும் அதிகம், மழையும் குறைவு. சாதாரணமாக ஈரமாக இருந்து தீயைத் தானே நிறுத்திவிடும் ஓடைப் பள்ளங்கள்கூட காய்ந்து கிடந்தன. வழக்கமாக ராத்திரியில் காற்றில் ஈரம் ஏறும், தீ படுத்துக்கொள்ளும், நாமும் மூச்சு விடுவோம். அந்த வருடம் ராத்திரியும் எரிந்தது. தவிர, நம் தீ மட்டுமா? நவம்பர் 8 அன்று இந்த மாநிலத்தில் ஒரே நேரத்தில் 17 இடங்களில் உச்ச எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு முன்பு அப்படி நடந்ததே இல்லை. ஆளில்லாத காட்டுக்குள் ஒரு தீ, ஊர் வாசலில் பதினேழு. ஹெலிகாப்டரை எங்கே அனுப்புவீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு அப்புறம் வருகிறேன், பையனைக் கூட்டிவரப் போக வேண்டும்.

கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி, ஆனால் இது தோற்றவர்கள் சொல்லும் சாக்கு மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய ஜெட் விமானத்தில் சிவப்புப் பொடி கொட்டுகிறார்களே, அது போதுமான அளவுக்கு இங்கே வாங்கி வைத்திருந்தால்? இன்னொன்று, குளிர்காலத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கொளுத்தி எரிபொருளைக் குறைத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. பூங்கா, பாரம்பரியம், தவளை, ஆந்தை என்று சொல்லிக் காட்டைத் தொடவிடாமல் வைத்திருந்ததன் விலை இது.

தேனிப்பக்கம்

ஊரிலிருந்து எழுதுகிறேன், ஆஸ்திரேலியா பார்த்ததில்லை. ஆனால் தீ பார்த்திருக்கிறேன், எங்கள் சித்தப்பா வனத்துறையில் தீத்தடுப்புக் காவலராகக் கோடைக்குக் கோடை தினக்கூலிக்குப் போனவர்.

கோடு வெட்டுவது இங்கேயும் அதேதான், தீத்தடுப்புக் கோடு என்போம், தை மாசியிலேயே வேலை ஆரம்பித்துவிடும். தீ வந்துவிட்டால் பச்சைத் தழையை ஒடித்து அடித்தே அணைப்பார்கள், குழாயும் கிடையாது ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் பக்கம் பெரும்பாலும் எரிவது புல்லும் சருகும் உண்ணிச்செடியும், தரையோடு ஓடும் தீ. மர உச்சியில் ஓடும் தீயைத் தழையால் யார் அடிப்பது?

குழாய்பிடித்தவன் அண்ணா சரிவைப் பற்றிச் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்தது இதுதானே. மலைச்சரிவில் போதைப்புல் காய்ந்து நிற்கும், கீழே தீப் பிடித்தால் மேலே இருப்பவன் ஓடி ஜெயிக்க முடியாது. சித்தப்பா சொல்வார், "தீயோடு போட்டி போட்டு மேட்டில் ஏறாதே, எரிந்து முடிந்த கரிக்குள் போய் நில்" என்று.

ஒரு சந்தேகம். எதிர்த்தீ வைப்பது எங்கள் ஆட்களும் செய்வார்கள். ஆனால் பெரிய தீ கிட்ட வந்து, அது காற்றைத் தன் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பற்றவைப்பார்கள், அப்போது சின்னத் தீயும் பெரிய தீயை நோக்கியே போகும். நீங்கள் அங்கே வைத்தது அப்படியா?

குழாய்பிடித்தவன்

தம்பி, நல்ல இடத்தில் கை வைத்தாய். உன் சித்தப்பா சொன்ன கரிக்கு நாங்கள் "கறுப்பு" என்போம், ஒரு காலைக் கறுப்பில் வை என்பது எங்களுக்கு முதல் நாள் பாடம். சரிவுக்கும் ஒரு கணக்கு உண்டு: பத்து பாகை மேடானால் தீயின் வேகம் இரண்டு மடங்கு, இருபது பாகை என்றால் நான்கு மடங்கு.

இப்போது பேக்பர்ன். அது சதியும் இல்லை, ஊர்ப்பேச்சும் இல்லை. டிசம்பர் நடுவில் தீ தெற்கு நோக்கி மவுண்ட் வில்சன், மவுண்ட் இர்வின் ஊர்களின் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. மோசமான வெயில் நாட்கள் வரப்போகின்றன என்று முன்னறிவிப்பு. காட்டுக்குள் அதை நிறுத்த வழியில்லை, ஆகவே ஒரு சாலையைக் கோடாக வைத்துக்கொண்டு, அதற்கும் தீக்கும் இடையில் இருப்பதை நாமே முன்கூட்டி எரித்துவிட்டால் அது வரும்போது தின்ன ஒன்றும் இருக்காது என்பது யோசனை. டிசம்பர் 14 அன்று மவுண்ட் வில்சன் சாலை ஓரமாகப் பற்றவைத்தார்கள். டிரிப் டார்ச் என்பது டீசலும் பெட்ரோலும் கலந்து மூக்கு வழியாகச் சொட்டும் ஒரு கேன், அதைப் பிடித்துக்கொண்டு நடப்பது மட்டும்தான், பார்க்க ரொம்ப எளிது.

தம்பி கேட்டதுதான் வித்தியாசம். பெரிய தீ அப்போது இன்னும் தூரத்தில் இருந்தது, இழுக்கும் காற்று கிடையாது. வைத்த தீ கோட்டைத் தாண்டி மவுண்ட் டோமா, பெரம்பிங், பில்பின் என்று கிழக்கே போய்விட்டது. வீடுகள் போயின. பெல்ஸ் லைன் சாலையையும் தாண்டித் தெற்கே குரோஸ் பள்ளத்தாக்குக்குள்ளும் இறங்கியது. பிறகு மாநிலத்தின் மரண விசாரணை நீதிமன்றம் வரை அது பேசப்பட்டது.

என் கருத்தைக் கேட்டால்: அந்தக் கோட்டில் அன்று நான் இல்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் "வைக்காமலேயே இருந்திருக்கலாம்" என்று சொல்பவர்கள், வைக்காமல் இருந்து டிசம்பர் 21 மாதிரி ஒரு நாளில் பெரிய தீ முழு வேகத்தில் வந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்றும் யோசிக்க வேண்டும். அதே கோடையில் பேக்பர்ன் வேலை செய்த இடங்கள் எத்தனையோ, அவை செய்தியில் வராது, ஏனென்றால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக வீடு போனவரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பழக்கடையில் நின்றவர் கோபப்பட்டது நியாயம்.

நீலமலைச்சாரல்

நன்றி அண்ணா. அந்த 21ஆம் தேதி என்ன நடந்தது?

குழாய்பிடித்தவன்

லித்கோ பக்கம் திரும்பியது. கிளாரன்ஸ், டார்கன், பெல் எல்லாம் அடி வாங்கின. ஜிக்ஜாக் ரயில் இருக்கிறதே, பழைய நீராவி ரயில், அந்த இடமும் எரிந்தது.

சிட்னியில் வெயில் நாள் முடிவில் தெற்கத்திக் காற்று வந்தால் நாம் எல்லாரும் அப்பாடா என்று ஜன்னலைத் திறப்போமே. தீக்கோட்டில் நிற்பவனுக்கு நாளிலேயே பயங்கரமான நேரம் அதுதான். அதுவரை தீ மேற்கிலிருந்து கிழக்காக நீளமாக, ஒல்லியாக ஓடியிருக்கும், முகம் சின்னது, விலா நீளமானது. காற்று சட்டென்று தெற்கிலிருந்து அடித்தால் அந்த நீண்ட விலா முழுவதும் முகமாக மாறிவிடும். பத்து கிலோமீட்டருக்கு அமைதியாக இருந்த ஓரம் ஐந்து நிமிடத்தில் எழுந்து நடக்கும்.

கணக்குப்பிள்ளை சாருக்கு. சிவப்புப் பொடி இல்லை, ரிடார்டன்ட் என்கிற குழம்பு, உரத்தில் இருக்கும் உப்பு மாதிரிதான். நம் மாநிலத்திடமே ஒரு 737 இருக்கிறது, 15,000 லிட்டர் பிடிக்கும். அன்றைக்கு வாடகைக்கு வந்த டிசி-10 இன்னும் பெரியது. ஆனால் விமானம் தீயை அணைப்பதில்லை சார், மட்டுப்படுத்தும். மட்டுப்பட்ட கொஞ்ச நேரத்துக்குள் தரையில் ஆள் வந்து கோட்டை முடிக்காவிட்டால் அது சுற்றிக்கொண்டோ அடியில் நுழைந்தோ போய்விடும். அடர்ந்த காட்டில் பாதிக் குழம்பு மர உச்சியிலேயே தங்கிவிடுகிறது. பலத்த காற்றிலும் கெட்டிப் புகையிலும் பறக்கவே முடியாது, தீ மோசமாக இருப்பதும் அதே நேரத்தில்தான். 2020 ஜனவரி 23 அன்று கூமா பக்கத்தில் ஒரு சி-130 விழுந்து மூன்று அமெரிக்கர்கள் செத்தார்கள். நம் தீயை அணைக்க வந்தவர்கள்.

குளிர்காலத்தில் எரிப்பது பற்றிப் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஊரை ஒட்டி, வீட்டை ஒட்டிச் செய்தால் உபயோகம் உண்டு, நாங்களே செய்கிறோம், இன்னும் செய்ய வேண்டும் என்றும் சொல்வேன். ஆனால் அதற்கு ஈரம் ஒரு அளவில் இருக்க வேண்டும். ரொம்ப ஈரமானால் பிடிக்காது, ரொம்பக் காய்ந்தால் மவுண்ட் வில்சன் கதை. அந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நாட்கள் வறட்சியில் சுருங்கிப்போகின்றன. கிடைக்கும் நாளும் சனி ஞாயிறாக இருந்தால்தான் எங்களைப் போன்றவர்கள் வர முடியும், திங்கள் கிழமை எனக்கு ஆபீஸ். ஐந்து லட்சம் ஹெக்டேர் செங்குத்துக் காட்டை யார் போய்ச் சுற்றுமுறையில் எரிப்பது?

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியதுதானே. பன்னிரண்டு சென்னை எரிகிறது, அணைப்பது லீவு போட்டு வந்த ஆபீஸ்காரரா? ஆந்தையைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், இதை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

குழாய்பிடித்தவன்

அதில் உங்களோடு சண்டை இல்லை. அந்த டிசம்பர் கடைசியில்தான் மத்திய அரசு நாளுக்கு 300 டாலர் வரை, மொத்தம் 6,000 வரை என்று ஈட்டுத்தொகை அறிவித்தது. அதுவரை எரிந்த இரண்டு மாதமும் என் போன்றவர்களுக்கு ஆண்டு விடுமுறைக் கணக்கில்தான் போனது. பூங்காத்துறையில் சம்பளக்காரர்கள் உண்டு, கயிற்றில் இறங்கும் ஆட்களில் பலர் அவர்கள்தான்.

டூங்காபி மாமா

தம்பி குழாய்பிடித்தவன், ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. பயமாக இருந்ததா?

குழாய்பிடித்தவன்

கோபமில்லை அண்ணை. சுவாலையைக் கண்டு நான் நினைத்த அளவுக்குப் பயம் வரவில்லை, அது கண்ணுக்குத் தெரிகிறது. பயம் மரம். தீ போன பிறகு பிளாக்கிங் அவுட் என்று ஒரு வேலை, ஓரம் முழுக்க நடந்து இன்னும் கனன்றுகொண்டிருக்கும் கட்டை, வேர் எல்லாவற்றையும் தோண்டி நனைப்பது. படத்தில் யாரும் காட்ட மாட்டார்கள், எங்கள் நேரத்தில் முக்கால்வாசி அதில்தான் போகும். கையுறையைக் கழற்றிப் புறங்கையை மண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனால் சூடு தெரியும். ஒரு வேர் மண்ணுக்கடியில் பீடி மாதிரி நாள்கணக்கில் புகைந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் தலையைத் தூக்கும். அப்படி ராத்திரி இரண்டு மணிக்குக் குனிந்து தோண்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் எங்கோ "டப்" என்று ஒரு சத்தம், அடிமரம் உள்ளே எரிந்து குழலாகி நின்ற மரம் எந்தக் காற்றும் இல்லாமல் சாய்கிறது. எந்தத் திசையில் என்று தெரியாது. எல்லாரும் அப்படியே நிற்போம். டிசம்பர் 19 அன்று பக்ஸ்டனில் எங்களைப் போன்ற தன்னார்வலர்கள் இரண்டு பேர் போனது மரம் விழுந்து வண்டி கவிழ்ந்துதான். இரண்டு பேருக்கும் சின்னக் குழந்தைகள்.

வீட்டில் சொன்னதில்லை. இங்கே முகம் தெரியாததால் எழுதுகிறேன்.

டூங்காபி மாமா

விளங்குது தம்பி. வேறொன்றும் கேட்கவில்லை.

மல்லிகை மாடி

தாமதமாக வருகிறேன், ஆனால் ஒருவரும் பைன் மரத்தைப் பற்றிப் பேசாததால் எழுதாமல் போக மனசில்லை.

இதே வாலமைக்குள் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் வாலமை பைன் என்று ஒரு மரம் இருக்கிறது. 1994ல் பூங்கா அலுவலர் டேவிட் நோபல் கயிற்றில் இறங்கிப் போய்ப் பார்க்கும் வரை கல்லில் புதைந்த அச்சாகத்தான் அந்த வகையைத் தெரியும், 9 கோடி வருடம் பழைய கூட்டம். காட்டில் வளர்ந்த மரங்கள் நூறுகூடத் தேறாது. இடம் எங்கே என்பது இன்றைக்கும் ரகசியம், ஏனென்றால் நம் காலணியில் ஒட்டி வரும் வேர் அழுகல் கிருமி போதும் அதை முடிக்க.

தீ அந்தப் பக்கம் வந்தபோது விமானத்திலிருந்து சுற்றிலும் ரிடார்டன்ட் அடித்தார்கள், ஆட்களை ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் உள்ளே இறக்கி, ஓடையிலிருந்து தண்ணீர் இழுத்து அடியில் ஈரம் காக்க ஒரு பாசன அமைப்பையே போட்டார்கள். தோட்டத்துக்குச் சொட்டுநீர் போடுவதைப் போல. யாரிடமும் மூச்சு விடவில்லை. 2020 ஜனவரி நடுவில் சுற்றுச்சூழல் அமைச்சர் அறிவித்தபோதுதான் ஊருக்கே தெரியும். சில மரங்கள் கருகின, கூட்டம் பிழைத்தது. நீலமலைச்சாரல் கேட்டாரே, ஏன் அணைக்க முடியவில்லை என்று. அந்த ஐந்து லட்சம் ஹெக்டேரில் இதை மட்டும் விடக்கூடாது என்று யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை

நூறு மரத்துக்கு இவ்வளவு, பில்பின் வீடுகளுக்கு?

குழாய்பிடித்தவன்

அந்தக் கேள்வியை எங்கள் வண்டியிலேயே ஒருவர் கேட்டார். பதில் சொன்ன ஆளும் உண்டு, "வீட்டைத் திரும்பக் கட்டலாம்" என்று. இரண்டு பேரும் அன்று முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. என்னிடம் பதில் இல்லை சார். ஆனால் ஆள் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியது ஒரு கைப்பிடி ஆட்கள், ஊர்களில் நின்றது எண்ணற்ற வண்டிகள்.

தேனிப்பக்கம்

கடைசியில் அது எப்படித்தான் அணைந்தது?

குழாய்பிடித்தவன்

நாங்கள் செய்தது கட்டுக்குள் கொண்டுவந்தது. ஆர்எஃப்எஸ்ஸின் தீ எச்சரிக்கைச் செயலியில் "கட்டுக்குள் இல்லை", "கொண்டுவரப்படுகிறது", "கட்டுக்குள்" என்று மூன்று நிலை காட்டும். கடைசி நிலை என்றால் சுற்றிலும் கோடு முடிந்தது, தாண்டாது என்று நம்புகிறோம், அவ்வளவுதான். உள்ளே எரிந்துகொண்டேதான் இருக்கும். அணைத்தது பிப்ரவரி மழை. சிட்னியில் நான்கே நாளில் 390 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த ராத்திரி தகரக் கூரையில் சத்தம் கேட்டு எழுந்து வாசலில் போய் நனைந்தேன், மனைவி பைத்தியமா என்றாள். மறுநாள் மழைக்காகப் பிரிகேடுக்கு அழைப்பு, சாலையில் மரம் விழுந்துவிட்டதாம், வெள்ளமாம்.

நீலமலைச்சாரல்

மகளுக்கு இதைப் படித்துக் காட்டினேன், பாதி புரிந்தது. அவளுக்கு அந்தப் பைன் மரத்தைப் பார்க்க வேண்டுமாம். ரகசியம் என்றால் இன்னும் பார்க்க வேண்டுமாம்.

மல்லிகை மாடி

மவுண்ட் டோமா தாவரவியல் தோட்டத்தில் பார்க்கலாம், நீங்கள் போன அதே சாலைதான். நர்சரிகளில் தொட்டியிலும் விற்கிறார்கள். நான் ஒன்று வாங்கி பால்கனியில் வைத்தேன், டைனோசர் காலத்திலிருந்து பிழைத்து வந்ததை எட்டு மாதத்தில் கொன்றுவிட்டேன்.

டூங்காபி மாமா

தண்ணீர் கூடிப்போயிருக்கும் பிள்ளை. தொட்டிக்கு அடியில் ஓட்டை இருந்ததோ?

மல்லிகை மாடி

இருந்தது மாமா. அடியில் தட்டு வைத்திருந்தேன்.